ஜக்பீனாவின் சுவர்

– முத்திரை இருக்கு, பார்த்தேன். அதுக்கு மேல இருக்கறதை இன்னொரு தரம் படி.

– ரெண்டு தரம் படிச்சாச்சு விஸ்தின் ஐயா. மூணாவது தரம் படிச்சா எழுத்து மாறிடாது.

– எனக்கு எழுத்து தெரியாது. தெரிஞ்சவங்கதான் படிக்கணும். அதுக்குத்தானே அரசாங்கம் உன்னை சைக்கிள் குடுத்து அனுப்பியிருக்கு, ஆபீசரம்மா.

– சைக்கிள் என்னோடது. டயருக்குப் பதிலா கயிறு சுத்தி ஓட்டிட்டு வந்திருக்கேன், முதுகெலும்பு ஒவ்வொண்ணும் தனித்தனியா வலிக்குது. கேளுங்க. "தடையின்றி நூறு காலெட்டுக்கு மேல் திறந்து கிடக்கும் நிலங்களின் குறுக்கே இடுப்பு உயரத்திற்குக் கல் சுவர் எழுப்ப வேண்டும். 1942 ஜூலை இருபதாம் தேதிக்குள் எழுப்பாவிட்டால் ராணுவம் நிலத்தை எடுத்துக்கொண்டு முள்கம்பி போடும்." கீழ உங்க பேரு, உங்க நிலம். இவ்வளவுதான்.

– சரி, இருக்கட்டும். இந்த மால்டாத் தீவுல கல் சுவருக்கா பஞ்சம்? ஒரு கோழி நிம்மதியா நாலு அடி நடக்க முடியாது, சுவர்ல முட்டிக்கும். என் நிலம் மட்டும்தான் உங்க கண்ணை உறுத்துதா?

– அதான் விஷயமே. தீவு முழுக்கத் துண்டு துண்டா சுவர் இருக்கறதாலதான் ஜெர்மன்காரன் இன்னும் யோசிச்சுட்டிருக்கான். அவங்ககிட்ட எஞ்சின் இல்லாத விமானம் இருக்கு. பெரிய விமானம் அதைக் கயிறு கட்டி இழுத்துட்டு வந்து நடுவானத்துல அவிழ்த்து விட்டுடும். உள்ள பத்துப் பேர், துப்பாக்கியோட. சத்தமே இருக்காது. நீளமா ஒரு வயல் கிடைச்சாப் போதும், வழுக்கிட்டு வந்து நின்னுடும். குறுக்க சுவர் இருந்தா மூக்கு உடையும். உங்க நிலம் நூத்தியிருபது எட்டு.

– யார் எட்டு வெச்சது?

– நான்தான். படலைத் திறந்துட்டு வரும்போதே.

– நீ எட்டு வெச்சு வர்றதைப் பார்த்துட்டுத்தான் நின்னேன். அப்படியே ஜக்பீனா நடை. காலுக்கு முன்னாடி கோபம் வந்து விழும்.

– நான் இங்க யாரோட பொண்ணாவும் வரலை. பாதுகாப்பு அலுவலகத்துலேருந்து வந்திருக்கேன்.

– என் கூடப்பிறந்தவ பெத்த பொண்ணு நீ. பேரு லிபராத்தா. மாமான்னு ஒரு வார்த்தை வாயில வரலை. ஐயாவாம்.

– பதினாலு வருஷம் முன்ன, தாத்தா செத்த வருஷம், சாந்தா மரியா திருநாள் அன்னைக்கு, எங்க அம்மா என்னைக் கையில பிடிச்சுட்டு உங்க வாசல்ல வந்து நின்னா. எனக்குப் பத்து வயசு. உங்க வீட்டம்மா கதவைக் கொஞ்சமாத் திறந்து, அவர் இல்லை, வயலுக்குப் போயிருக்கார்னாங்க. கதவுக்கு அடியில உங்க பூட்ஸ் தெரிஞ்சுது. அன்னைக்கு மாமான்னு கூப்பிட வாயைத் திறந்தேன். பூட்ஸைப் பார்த்துக் கூப்பிட மனசு வரலை.

– பழைய பூட்ஸா இருக்கும். கழட்டிப் போட்டிருப்பேன்.

– உள்ள கால் இருந்துச்சு. நகர்ந்துச்சு.

– சரி, இருக்கட்டும். அதை விடு. நிஜமாவே வரப் போறானுங்களா? ஊருக்கே பைத்தியம் பிடிச்சிருக்கு. போன வாரம் கப்புச்சின் மடத்துச் சாமியார் ஒருத்தர், பாவம், அவரைக்கொட்டை கேட்டு வந்தார். எதிரி கன்னியாஸ்திரி வேஷத்துலயும் சாமியார் வேஷத்துலயும் பாராசூட் குடையில இறங்குவான்னு எவனோ சொல்லி வெச்சிருக்கான். ரொட்டிக்கடை இந்த்ரி ஓடிப் போய் அவர் தாடியைப் பிடிச்சு இழுத்துட்டான், ஒட்டுத் தாடியான்னு பார்க்க.

– வந்துச்சா?

– கொஞ்சம் வந்துச்சு. அதுக்கு அவர் இந்த்ரியோட ஏழு தலைமுறையை இழுத்துத் திட்டின திட்டுல, சுத்தமான மால்டாக்காரர்தான்னு ஊருக்கே தெரிஞ்சுபோச்சு.

– சிரிக்கலாம். எங்க அலுவலகத்துல கிரீட் தீவுலேருந்து தப்பிச்சு வந்த சிப்பாய் ஒருத்தன் இருக்கான். அவன் சிரிக்க மாட்டேங்கறான். போன வருஷம் மே மாசம், காலைச் சாப்பாட்டு நேரம், வானம் முழுக்கக் குடையாம். ஆலிவ் தோட்டத்துலேருந்து ஆம்பளை பொம்பளை எல்லாம் அரிவாளும் கம்புமா ஓடி வந்து அடிச்சிருக்காங்க. ஒருத்தனையும் விடலை. அப்படியும் விமானத் தளம் போயிடுச்சு, தீவும் போயிடுச்சு. அப்புறம் ஊர் ஊரா வந்து ஆம்பளைங்களை வரிசையா நிக்க வெச்சுச் சுட்டிருக்காங்க. எஞ்சின் இல்லாத விமானம் எங்கே வந்து இறங்குச்சுன்னு கேட்டேன். தளத்துக்குப் பக்கத்துல திறந்து கிடந்த நிலத்துலன்னான். இங்கிருந்து லூக்கா விமானத் தளம் நடந்து போனா இருபது நிமிஷம்.

– பதினஞ்சு.

– பார்த்தீங்களா.

– அப்ப சுவர் கட்டிடறேன். அதோ, மேல் மூலையில, வேலியிலேருந்து பத்து எட்டு தள்ளி. குறுக்கேன்னுதானே இருக்கு? அதுவும் குறுக்கேதான்.

– மூலையில கட்டினா மீதி நூத்திப்பத்து எட்டு திறந்தேதான் கிடக்கும். நடுவுல கட்டணும்.

– காகிதத்துல அப்படி இருக்கா?

– இருக்கு.

– நடுவுலன்னா எங்கே? கையைக் காட்டு.

– அங்கே. பார்லி அறுத்த தாள் எல்லா இடத்துலயும் நெருக்கமா நிக்குது. ஒரு கோட்டுல மட்டும் சொட்டை விழுந்த மாதிரி இருக்கே, அந்தக் கோட்டுல.

– உனக்குக் கண்ணு நல்லாதான் இருக்கு.

– கண்ணு எதுக்கு? யார் பார்த்தாலும் தெரியும். மேல இருந்த சுவரைப் பிரிச்சு எடுத்துட்டீங்க. அடியில இருக்கற அஸ்திவாரக் கல்லை எடுக்கலை. அது மேல பார்லி எப்படி வளரும்?

– அடிக்கல்லை எவனும் எடுக்க மாட்டான். எடுத்தா முதல் மழையிலேயே மண்ணு முழுக்கப் பள்ளத்துக்குப் போயிடும். மண்ணுன்னா என்னன்னு துறைமுகத்துல வளர்ந்தவளுக்குத் தெரியாது.

– தெரியுது. அடுத்தவங்க நிலத்தை எடுத்துக்கலாம், அடிக்கல்லை மட்டும் எடுக்கக் கூடாது. நல்ல விவசாயிக்கு அதான் லட்சணம்.

– வாயை அளந்து பேசு.

– அளந்துதான் பேசறேன். தாத்தா நோட்டரி முன்னால உட்கார்ந்து, பாதி விஸ்தினுக்கு, பாதி ஜக்பீனாவுக்குன்னு எழுதினார். அவரே தன் கையால குறுக்கே சுவர் வெச்சார். அவரைப் புதைச்ச மாசமே அந்தச் சுவர் உங்க ஆட்டுப் பட்டியா மாறிடுச்சு. அதோ நிக்குதே, அதான்.

– உழறவன் நான். உங்க அப்பன் கப்பல் பட்டறையில ஆணி அடிச்சுட்டிருந்தான். அவன் வந்து உழுதிருப்பானா? சும்மா விட்டா சப்பாத்திக்கள்ளி மண்டிப் போயிருக்கும்.

– உழுங்க. யார் வேண்டாம்னா? வருஷத்துக்கு ஒரு மூட்டை உருளைக்கிழங்கு அனுப்பியிருக்கலாம். அதுவும் வேண்டாம், ஒரு வெங்காயம்? உங்களுக்கு ஊர்ல வெங்காயத்தான்னு பட்டப்பேராம். எங்க வீட்டுக்கு ஒரு தோல்கூட வரலை.

– வேணும்னா அவ அண்ணன்கிட்ட வந்து கேட்டிருக்கணும்.

– வந்தா. அதைத்தான் சொன்னேன்.

– சரி, இருக்கட்டும். இப்ப நான் ஒண்ணு கேட்கறேன். சுத்தி வளைக்காம பதில் சொல்லு. இந்தச் சுவர் யாருக்கு வேணும்?

– அரசாங்கத்துக்கு.

– யாருக்கு வேணும்?

– ராணுவத்துக்கு. தீவுக்கு. உங்களுக்கும்தான்.

– ஜக்பீனா எப்படி இருக்கா?

– அது காகிதத்துல இல்லை.

– நான் காகிதத்தைக் கேட்கலை.

– எப்படி இருப்பா? போன வருஷம் ஜனவரியில போர்ம்லாவுல எங்க வீடு குண்டு விழுந்து இடிஞ்சுபோச்சு. இந்த ஏப்ரல்ல கப்பல் பட்டறையில குண்டு விழுந்து அப்பா அங்கேயே போயிட்டார். பாறையைக் குடைஞ்ச பதுங்கு குகையில இருக்கோம். நாலு அடி அகலம், ஆறு அடி நீளம், அதுல ரெண்டு பேர். கூரையிலேருந்து தண்ணி சொட்டிட்டே இருக்கும். பொதுச் சமையல்ல ஆட்டுக்கறின்னு ஒண்ணு ஊத்தறாங்க, அது ஆடா கயிறான்னு யாருக்கும் தெரியாது. அம்மா இருமறா. பக்கத்து வளையில இருக்கறவங்க முதல்ல பாவம்னாங்க, இப்ப சுவத்தைத் தட்டறாங்க. டாக்டர் பார்த்துட்டு, வெயில் படற இடமா, காய்ஞ்ச இடமாப் பார்த்து வைங்கன்னார். ஏதோ கடையில அதை வாங்கலாங்கற மாதிரி.

– ஊர்ல ரூம் கேட்டுப் பார்க்கறதுதானே.

– ஏழு ஊர்ல கேட்டாச்சு. ஒவ்வொரு வீட்லயும் மூணு குடும்பம். இங்க, அவ பாதியோட கடைசியில, தாத்தா கட்டின கல் குடிசை நிக்குது. கூரை நல்லா இருக்கு. கிழக்கே பார்த்த வாசல். அதுல நீங்க வைக்கோல் போட்டு வெச்சிருக்கீங்க. வைக்கோலுக்கு இருமல் இல்லை.

– யாருக்கு வேணும் இந்தச் சுவர்?

– எங்க அம்மாவுக்கு. போதுமா? அவளுக்குத்தான் வேணும். வானத்துலேருந்து ஜெர்மன்காரன் குதிக்கறான்னு பயம் காட்டினாத்தான் ஒரு பொம்பளைக்கு அவ பங்கு கிடைக்கும்னா, அதையும் காட்டுவேன். அவ கேட்டுப் பார்த்தா. அழுதும் பார்த்தா. எங்க வீட்ல படிச்சவ நான் ஒருத்திதான். எனக்கு அழ வராது, காகிதம் எழுதத்தான் வரும்.

– அவதான் அனுப்பினாளா?

– அவளுக்குத் தெரியவே தெரியாது. தெரிஞ்சா, வேண்டாம்டி, அண்ணன் மனசு நோகும்னு சொல்லுவா. இருமிக்கிட்டே சொல்லுவா. எனக்கு உங்க மேல இருக்கற கோபத்தைவிட அதுக்குத்தான் கோபம்.

– கதவுக்குப் பின்னாடி நின்னேன்.

– தெரியும்.

– இல்லை, நீ சொல்லிட்டே, நானும் சொல்லணும்ல. நின்னேன். நீங்க தெரு திரும்பற வரைக்கும் நின்னேன். அவ செருப்புச் சத்தம் நின்னு நின்னு போச்சு. திரும்பித் திரும்பிப் பார்த்திருக்கா. அன்னைக்குக் கதவைத் திறந்திருந்தா ஒரு நாள் அவமானம். திறக்காம விட்டதுல, அப்புறம் எந்த மூஞ்சியை வெச்சுட்டுத் திறக்கறதுன்னு ஆகிப்போச்சு.

– இதைக் கேட்டு நான் பாவம்னு சொல்லணுமா?

– வேண்டாம். அங்கே செவேரா வர்றா. உன் மாமி. காகிதத்தைக் கையில நிமிர்த்திப் பிடி.

– விஸ்தின், ஆட்டுக்குத் தண்ணி காட்டாம அங்கே என்ன பேச்சு? யார் அது?

– அரசாங்கத்துலேருந்து வந்திருக்காங்க செவேரா. வா, நீயும் கேளு. வானத்துலேருந்து ஆள் இறங்கப் போறானுங்களாம், நிலத்துக்குக் குறுக்கே சுவர் எழுப்பணுமாம். இல்லேன்னா நிலமே நம்மகிட்ட இருக்காதாம்.

– இவ ஜக்பீனா மூக்கை வெச்சிருக்காளே.

– மூக்கு எப்படி இருந்தா நமக்கென்ன, கையில இருக்கறது அரசாங்கக் காகிதம். படிங்க ஆபீசரம்மா. சத்தமா.

– "இடுப்பு உயரத்திற்குக் கல் சுவர் எழுப்ப வேண்டும். ஜூலை இருபதாம் தேதிக்குள் எழுப்பாவிட்டால் ராணுவம் நிலத்தை எடுத்துக்கொண்டு முள்கம்பி போடும்."

– அவ்வளவு கல்லுக்கு எங்கே போறது?

– பட்டியைப் பிரிக்கணும் செவேரா.

– பிரிச்சுட்டு? ஆடு எங்கே நிக்கும், என் தலை மேலயா?

– ராணுவம் எடுத்துக்கிட்டா ஆடும் நிக்காது, நாமளும் நிக்க முடியாது. படுக்கையறையில முள்கம்பி போடுவான்.

– எந்த இடத்துல கட்டணுமாம்? அங்கேயா? விஸ்தின், அது அந்தப் பழைய கோடு.

– அடிக்கல்லு அங்கேதானே இருக்கு. வேற இடத்துல கட்டணும்னா பாறை வரைக்கும் தோண்டணும். தேதி இருபதுக்குள்ள முடியுமா? உன் தம்பியை வரச் சொல்லு, தோண்டட்டும்.

– அவனா? அவன் மண்வெட்டியைத் தேடறதுக்குள்ள சண்டை முடிஞ்சு எல்லாரும் வீட்டுக்குப் போயிருப்பாங்க. முத்திரை இருக்கா?

– இதோ இருக்கு மாமி.

– யாருடி மாமி? ம்ம். கிரீடம் இருக்கு. ராஜா முத்திரைதான். சரி, அரசாங்கம் சொன்னா என்ன பண்றது. ஆனா சுவர் மட்டும்தான் காகிதத்துல. சுவருக்கு அந்தப் பக்கம் யாரு, என்னன்னு ஒண்ணும் இல்லையே?

– இருக்கு. ஆள் இல்லாம கிடக்கற குடிசையில எதிரி வந்து ஒளிஞ்சுக்குவான். அதனால நிலத்துல எந்தக் குடிசையும் காலியா இருக்கக் கூடாது. ஆள் குடியிருக்கணும்.

– அதையும் எழுதியிருக்காங்களா? ரொம்ப யோசிச்சுத்தான் எழுதியிருக்காங்க செவேரா.

– வைக்கோல் இருக்கற குடிசையிலயா? அதுல யாரைக் குடி வெக்கறது?

– நாம வெக்கலேன்னா அவங்களே யாரையாவது கொண்டு வந்து வெப்பாங்க. அகதிக் குடும்பம். பன்னண்டு பேரு, முன்னப்பின்ன தெரியாத ஆளுங்க. அப்படித்தானே ஆபீசரம்மா?

– பதினாலு பேர் வரைக்கும் வெப்பாங்க.

– பதினாலா? மாதாவே. மண்ணுல இருக்கற வெங்காயத்தைப் பச்சையாப் பிடுங்கித் தின்னுடுவாங்க. தெரிஞ்ச ஆளா இருந்தாலாவது நாலு வார்த்தை திட்டலாம், அவளும் திருப்பித் திட்டுவா, பொழுது போகும்.

– யாரைச் சொல்றே?

– நான் யாரையும் சொல்லலை. எனக்கு ஆட்டை அவிழ்த்துக் கட்டற வேலை இருக்கு. அந்தக் குடிசையில எலி இருக்கும், கூட்டாம யாரையும் படுக்க வெச்சுடாதீங்க. இருமுவாங்க.

– விஸ்தின் ஐயா, மாமிக்கு இருமலைப் பத்தி எப்படித் தெரியும்?

– நீ பேசறது நாலு வயலுக்குக் கேட்கும். அவ காது அஞ்சு வயலுக்குக் கேட்கும். கையை மடிச்சு விட்டுட்டு வா மருமவளே. பட்டியோட மேல் வரிசையிலேருந்து எடு, அடியிலேருந்து உருவினா கால்ல விழும்.

– இன்னைக்கேவா?

– வேற என்னைக்கு? ஒரு ராத்திரி யோசிக்க விட்டா, காலையில செவேராவுக்கு ராஜாவே நேர்ல வந்து சொன்னாத்தான் உண்டு.

– கை எரியுது. இது என்ன கல்லா, கத்தியா?

– உங்க அம்மா எட்டு வயசுல இதைத் தூக்குவா. ரெண்டு பக்கமும் பெரிய கல்லா முகம் வெச்சுட்டு, நடுவுல பொடிக்கல்லைக் கொட்டு. சாந்து கிடையாது. ஒண்ணு மேல ஒண்ணு சாஞ்சுட்டு நிக்கும். அதோ, அபாயச் சங்கு ஊதறான். குகைக்குப் போகணுமா?

– வேண்டாம். ஒத்தை விமானம்தான். அங்கே பாருங்க, பஞ்சு நூல் மாதிரி. அவ்வளவு உயரத்துல வந்தா குண்டு போட இல்லை, படம் பிடிக்க. தினமும் வருது. எந்த நிலம் எவ்வளவு நீளம், எங்கே சுவர், எங்கே மரம், எல்லாத்தையும் படத்துல வெச்சு அளக்கறாங்களாம்.

– இந்தச் சுவர் அங்கேருந்து தெரியுமா? இப்பதான் முழங்கால் வந்திருக்கு.

– சாயங்கால வெயில்ல நிழல் தெரியும். ஒரு கோடு மாதிரி.

– அப்ப நிமிர்ந்து வேடிக்கை பார்க்காதே, அடுத்த வரிசையை வை. நோட்டரி எழுதினதைப் பதினாலு வருஷம் நான் அழிச்சு வெச்சிருந்தேன். ஜெர்மன்காரன் படத்துலயாவது என் தங்கச்சி பாதி சரியா விழட்டும்.

– ஞாயித்துக்கிழமை அம்மாவைக் கூட்டிட்டு வரட்டுமா?

– சனிக்கிழமை நான் கழுதை வண்டியைக் கட்டிட்டு வர்றேன். இருமறவளை அந்தக் கயிறு சைக்கிள்ல ஏத்தினா பாதி வழியிலயே போயிடுவா. குகை வாசல்ல வந்து நிப்பேன். அவ உள்ளயே இருந்துட்டு, இல்லைன்னு சொல்லி அனுப்பினாலும் நிப்பேன்.

– மாமா.

– ம். வந்துடுச்சா வார்த்தை.

– உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். அந்தக் காகிதம்...

– பெரிய கல்லா எடு. இந்த இடத்துக்குப் பெரிசு வேணும்.

– கேளுங்க மாமா. எனக்குப் பொய் வயித்துல தங்காது. வேலை போனாலும் பரவாயில்லை, சொல்லிடறேன். முத்திரை நிஜம். ஆனா அதுல எழுதியிருக்கறது...

– போன வியாழக்கிழமையே ராணுவத்து ஆளுங்க ரெண்டு பேர் வந்து கயிறு பிடிச்சு அளந்துட்டு, இந்தச் சரிவுல எந்த விமானமும் இறங்காது, உங்க நிலத்துக்குச் சுவரே வேண்டாம் பெரியவரேன்னு சொல்லிட்டுப் போயிட்டாங்க மருமவளே. செவேரா அன்னைக்குச் சந்தைக்குப் போயிருந்தா, அவளுக்கு இது தெரியாது, அந்த நீளக் கல்லை இப்படித் தள்ளு.